லுவோ மக்கள் மீனவர்கள்தானா?

கென்யாவின் முன்னாள் பிரதமர் ரைலா ஒடிங்கா 2025 அக்டோபரில் கேரளாவில் கூத்தாட்டுகுளத்தில் இறந்த செய்தியைப் படித்துவிட்டு நீங்கள் மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள். அவர் லுவோ இனத்தவர் என்கிறார்களே, லுவோ என்றால் யார்? விக்டோரியா ஏரியில் மீன் பிடிப்பதுதான் அவர்கள் குலத்தொழிலா? நைரோபியில் வாழ்ந்த மனிதரை எதற்காக அத்தனை தூரம் கொண்டுபோய்க் கிராமத்தில் அடக்கம் செய்தார்கள்? தனித்தனியாகக் கேட்டிருந்தாலும் மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது, இந்த மக்களைச் சேர்த்துக் கட்டிவைத்திருப்பது தொழிலா, மண்ணா என்று. மண் என்பது என் பதில். தொழில் நூற்றைம்பது வருடத்துக்குள் பலமுறை மாறிவிட்டது, மீன் அவற்றில் ஒன்று.

நான் தூத்துக்குடியில் மீன்வளம் படித்துவிட்டு, விக்டோரியா ஏரிக்கரை நகரமான கிசுமுவில் மீன் பதப்படுத்தும் ஆலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் நெடுநாள் வேலை பார்த்தவன். வேலை நிமித்தமாக ஏரிக்கரையில் மீன் இறங்கும் துறைகளுக்கெல்லாம் போய் வந்திருக்கிறேன். கூட வேலை பார்த்தவர்களில் பாதிக்கு மேல் லுவோ. அதனால் ஏரி, மீன், சந்தை பற்றிச் சொல்வதை நம்பிச் சொல்வேன். சடங்குகளைப் பற்றிச் சொல்வது நண்பர்கள் வீட்டு விசேஷங்களிலும் சாவுகளிலும் உட்கார்ந்து பார்த்ததும் கேட்டதும். அது குலத்துக்குக் குலம் மாறும், ஒரு பெரியவர் சொன்னதை இன்னொரு பெரியவர் மறுப்பதையும் பார்த்திருக்கிறேன்.

முதலில் யார் என்பது. கென்யாவின் மேற்கில், விக்டோரியா ஏரியின் ஒரு கை உள்ளே நீண்டு வினாம் வளைகுடாவாகிறது. அதைச் சுற்றியுள்ள கிசுமு, சியாயா, ஹோமா பே, மிகோரி ஆகிய நான்கு மாவட்டங்கள்தான் லுவோ நாடு. எல்லை தாண்டினால் தான்சானியாவின் மாரா பகுதியிலும் இருக்கிறார்கள். 2019 கணக்கெடுப்பின்படி கென்யாவில் மட்டும் சுமார் 50 லட்சம் பேர், கிகுயு, லுஹ்யா, கலென்ஜின் இனங்களுக்கு அடுத்து நான்காவது பெரிய இனம். பேசுவது தொலுவோ, நைல் நதி வழி மக்கள் பேசும் நைலோட்டிக் மொழிகளில் ஒன்று. சுற்றியுள்ள லுஹ்யா, கிசீ மக்கள் பேசும் பாண்டு மொழிகளோடு அதற்கு உறவில்லை. உகாண்டாவின் அச்சோலி, அலூர், பதோலா மக்களும், தெற்கு சூடானின் ஷில்லுக், அனுவாக் மக்களும் மொழி வழியில் நெருங்கிய சொந்தக்காரர்கள். விக்டோரியா ஏரி என்று நாம் சொல்வதை இவர்கள் ‘நாம் லோல்வே’ என்பார்கள்.

எங்கிருந்து வந்தார்கள் என்பதில் திசை உறுதி, தேதி அவ்வளவு உறுதியில்லை. தெற்கு சூடானின் பஹ்ர் எல் கஸல் பக்கத்துச் சதுப்பு நிலங்களிலிருந்து நைல் வழியாகத் தெற்கே இறங்கி, உகாண்டாவின் பாக்வாச் அருகே தங்கி, அங்கிருந்து பிரிந்து வந்தவர்கள். இதற்கு மொழியே பெரிய சாட்சி. கென்யாவுக்குள் முதல் கூட்டம் 15ஆம் நூற்றாண்டின் கடைசியிலோ 16ஆம் நூற்றாண்டிலோ நுழைந்து, இன்றைய சியாயாவில் ரமோகி குன்றில் குடியேறியது என்று சொல்வது வழக்கம். இந்தக் காலக்கணக்கு, வரலாற்றாசிரியர் பெத்வெல் ஓகோட் 1960களில் கிராமம் கிராமமாகப் போய்ப் பெரியவர்களிடம் வம்சாவளியைக் கேட்டு, ஒரு தலைமுறைக்கு இத்தனை வருடம் என்று பின்னோக்கி எண்ணிப் போட்டது. மகத்தான உழைப்பு. ஆனால் வாய்வழி வம்சாவளியில் நடுவில் சில பெயர்கள் உதிர்ந்துபோவது சகஜம், அதனால் ஐம்பது நூறு வருடம் முன்பின் ஆகலாம். ஒரே படையெடுப்பாக வந்தார்கள் என்று நினைக்காதீர்கள். தலைமுறை தலைமுறையாக, குடும்பம் குடும்பமாக, மேய்ச்சல் தேடி, சண்டை போட்டு, பெண் கொடுத்து எடுத்து வந்து சேர்ந்தார்கள்.

ஏன் பிரிந்தார்கள் என்பதற்கு அச்சோலி, அலூர் உட்பட இந்தச் சொந்தக்கார இனங்கள் பலவற்றிலும் ஒரு கதை உண்டு. ஒருவன் தன் சகோதரனின் ஈட்டியை எடுத்து யானைமேல் எறிய, யானை ஈட்டியோடு ஓடிவிடுகிறது. எனக்கு அந்த ஈட்டிதான் வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்று சகோதரன் பிடிவாதம் பிடிக்கிறான். இவன் காடெல்லாம் அலைந்து அதைத் தேடிக் கொண்டுவந்து கொடுக்கிறான். பிறகு ஒருநாள் அந்தச் சகோதரனின் குழந்தை இவனுடைய மணி ஒன்றை விழுங்கிவிடுகிறது. இப்போது இவன், எனக்கு அந்த மணிதான் வேண்டும் என்கிறான். குழந்தையின் வயிற்றைக் கிழித்து எடுக்கிறார்கள். அத்தோடு ஆளுக்கொரு திசை. இதை வரலாறு என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான மைல் தள்ளியிருக்கும் இனங்கள் ஒரே கதையைச் சொல்வது, ஒரு காலத்தில் ஒன்றாக இருந்தோம் என்ற நினைவு எவ்வளவு ஆழமானது என்று காட்டுகிறது.

வந்த இடம் வெறும் நிலமும் இல்லை. ஏற்கெனவே பாண்டு மொழி பேசியவர்கள் இருந்தார்கள். ருசிங்கா, ம்ஃபங்கானோ தீவுகளிலும் எதிர்க்கரையிலும் வாழும் சுபா மக்கள் அப்படிப்பட்டவர்கள்தான், இன்று பெரும்பாலும் தொலுவோ பேசி லுவோவோடு கலந்துவிட்டார்கள். மிகோரியில் திம்லிச் ஒஹிங்கா என்று ஒரு இடம் இருக்கிறது. சாந்து எதுவும் இல்லாமல் கல்லோடு கல்லைப் பொருத்தி ஆள் உயரத்துக்கும் மேலே எழுப்பிய மதில்கள், உள்ளே வீடுகளும் பட்டிகளும் இருந்த தடங்கள். 2018ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. லுவோ கட்டிய கோட்டை என்று இணையத்தில் எழுதுகிறார்கள், அதை அப்படியே ஏற்க வேண்டாம். யார் முதலில் கட்டினார்கள் என்பதில் ஆய்வாளர்களிடமே ஒருமித்த முடிவில்லை. பல இனங்கள் அடுத்தடுத்து குடியிருந்திருக்கிறார்கள், கடைசியாகப் பழுதுபார்த்துப் பயன்படுத்தியவர்களில் லுவோவும் உண்டு என்பதுவரை தைரியமாகச் சொல்லலாம்.

சரி, மண் விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் மூன்றாவது கேள்விக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. லுவோ வாழ்க்கையின் நடுப்புள்ளி டாலா, அதாவது வேலி சூழ்ந்த குடும்ப வளாகம். உள்ளே எந்த வீடு எங்கே என்பதற்குக் கறாரான ஒழுங்கு. மூத்த மனைவியின் வீடு நுழைவாயிலுக்கு நேர் எதிரே, மேட்டுப் பக்கம். இரண்டாம் மனைவி ஒரு பக்கம், மூன்றாமவர் மறுபக்கம். வளர்ந்த மகன்களின் குடிசை, அதற்குப் பெயர் சிம்பா, வாசல் ஓரமாக இருக்கும். கல்யாணமாகிக் குழந்தை பிறந்து ஆள் நிலைத்தபிறகு மகன் தனி டாலா போட வேண்டும். அந்தநாளில் சேவல், கோடரி, நெருப்பு இவற்றோடு குடும்பமாகப் போய்ப் புது இடத்தில் இறங்குவார்கள். அண்ணன் போடுவதற்குமுன் தம்பி போடக் கூடாது. கடைசி மகன் பெற்றோர் வீட்டோடு இருந்துவிடலாம். இந்த ஒழுங்கை மீறினால் சீரா பிடிக்கும் என்பார்கள், ஆள் மெலிந்து, காரணம் தெரியாமல் நோயுற்று, குழந்தைகள் தங்காமல் போவது. பட்டதாரிகள், சர்ச்சுக்குத் தவறாமல் போகிறவர்கள்கூட வீடு கட்டும்போது இந்த வரிசையை மீறத் தயங்குவதை நேரில் பார்த்திருக்கிறேன்.

ஆகவே சாவு என்றால் உடல் டாலாவுக்குத் திரும்பியே ஆக வேண்டும். ஆணுக்கு வீட்டின் வலப்புறம், பெண்ணுக்கு இடப்புறம் என்று பொதுவாகச் சொல்வார்கள். நகரத்திலேயே வாழ்ந்து ஊரில் வீடே கட்டாத ஆண் இறந்தால், அடக்கத்துக்கு முன்பு அவன் பெயரில் அவசரமாக ஒரு சிறு குடிசையாவது எழுப்புவார்கள். வயதில் பெரியவர் இறந்தால் டேரோ புரு என்ற சடங்கு உண்டு. மாடுகளை ஓட்டிக்கொண்டு, ஈட்டியும் தடியுமாக, பாடிக்கொண்டும் சண்டை போடுவதுபோல் நடித்துக்கொண்டும் ஊர் எல்லைவரை போய்ச் சாவைத் துரத்திவிட்டு வருவார்கள். ரைலாவின் உடல் வந்து இறங்கியபோது கூட்டம் மரக்கிளைகளை ஒடித்துக் கையில் பிடித்திருந்ததைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் துக்கத்தின் அடையாளம்தான்.

இந்த வழக்கத்துக்கு எவ்வளவு வலு என்று தெரிந்துகொள்ள எஸ்.எம். ஒட்டியனோ வழக்கைப் படியுங்கள். நைரோபியில் புகழ்பெற்ற வழக்கறிஞர், லுவோ, மனைவி வாம்புய் கிகுயு இனம். ஒட்டியனோ 1986 டிசம்பரில் இறந்தார். நைரோபிக்கு அருகே தங்கள் பண்ணையில் அடக்கம் செய்ய வேண்டும், கணவரின் விருப்பமும் அதுதான் என்றார் மனைவி. உமிரா காகெர் குலத்தார் முடியாது, ஊருக்குத்தான் என்றார்கள். ஐந்து மாதம் உடல் பிணவறையில் இருக்க, வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போனது. 1987 மே மாதம் குலத்தின் பக்கம் தீர்ப்பு வந்து, சியாயாவில் நியால்குங்கா கிராமத்தில் அடக்கம் செய்தார்கள். மனைவி அதில் கலந்துகொள்ளவில்லை. விதவைக்குக் கணவன் உடல்மேல் உரிமை இல்லையா என்று அன்று எழுந்த விவாதம் கென்யாவில் இன்றுவரை ஓயவில்லை. அந்தத் தீர்ப்பு ஒரு பெண்ணுக்குச் செய்த அநியாயம் என்பது என் அபிப்பிராயம், என் லுவோ நண்பர்களில் பலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அதே சமயம் வழக்கம் வளையாத இரும்பும் இல்லை. ரைலா தன்னை 72 மணி நேரத்துக்குள் அடக்கம் செய்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். வாரக்கணக்கில் துக்கம் காக்கும் லுவோ மரபில் இது பெரிய மாற்றம். அக்டோபர் 15ல் இறந்தவரை 19ல் அடக்கம் செய்தார்கள். சியாயாவின் போண்டோவில் அவருக்கென்று ஓபோடா பண்ணை வீடு இருந்தும், அடக்கம் நடந்தது அவர் தந்தை ஜரமோகி ஒகிங்கா ஒடிங்கா அடங்கியிருக்கும் காங்கோ கா ஜரமோகி என்ற குடும்ப வளாகத்தில். தலைவர்கள் விஷயத்தில் குலவழக்கத்தோடு அரசியல் நினைவும் சேர்ந்துகொள்கிறது.

அரசியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிழைப்போடு அது சம்பந்தப்பட்டது. ஜரமோகி சுதந்திர கென்யாவின் முதல் துணை ஜனாதிபதி, 1966ல் ஜனாதிபதி கென்யாட்டாவோடு முறித்துக்கொண்டு தனிக் கட்சி தொடங்கினார். 1969 ஜூலையில் ருசிங்கா தீவைச் சேர்ந்த அமைச்சர் டாம் ம்போயா நைரோபியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே வருடம் அக்டோபரில் கிசுமுவில் மருத்துவமனைத் திறப்பு விழாவுக்கு வந்த கென்யாட்டாவின் காவலர்கள் கூட்டத்தை நோக்கிச் சுட்டார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் அரசு சொன்னதும் ஊர் சொல்வதும் ஒத்துப்போவதே இல்லை. ஜரமோகியின் கட்சி தடைசெய்யப்பட்டது. அதன்பிறகு நீண்ட காலம் சாலை, ஆலை, அரசு வேலை எதிலும் தங்கள் பகுதி புறக்கணிக்கப்பட்டது என்பது அங்கே ஒவ்வொருவரும் சொல்லும் குறை. கிசுமுவைச் சுற்றி வாழ்ந்து பார்த்தவன் என்ற முறையில் அந்தக் குறையில் நிறைய நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன்.

இனி தொழில். வெள்ளைக்காரர்கள் வருவதற்குமுன் ஒரு லுவோவின் சொத்து எது என்று கேட்டால் மாடு என்பதே பதில். பெண்ணுக்குப் பரிசமும் மாடுகளாகத்தான், இன்றும் பேச்சு மாட்டுக் கணக்கில் தொடங்கி பணத்தில் முடியும். சோளமும் கேழ்வரகும் விதைத்தார்கள். மீனும் பிடித்தார்கள், ஆற்றின் குறுக்கே நாணல் வேலி அடைத்துக் கூடைப் பொறி வைத்து, மழைக்காலத்தில் முட்டையிட ஆறேறி வரும் மீனைப் பிடிப்பார்கள். அதனால் மீனவர் என்பது பொய்யில்லை. ஆனால் அது மாடு, பயிர் இவற்றோடு சேர்ந்த மூன்றாவது கால். நம் ஊர் அர்த்தத்தில் மீன்பிடி என்பது பிறப்பால் வரும் தனிச் சாதித் தொழிலாக அங்கே இல்லை. ஏரியிலிருந்து தள்ளியிருக்கும் லுவோ ஒருவர் படகில் காலே வைக்காமல் வாழ்ந்து முடிக்கலாம்.

இது குலைந்தது 1890களில். ஆப்பிரிக்கா முழுக்கப் பரவிய மாட்டு வெக்கை நோய் மந்தைகளை அழித்தது. பத்து வருடத்துக்குள் தூக்க நோய் வந்து, ஈ கடிக்குப் பயந்து ஏரிக்கரைக் கிராமங்கள் பல காலியாகின. 1901ல் மொம்பாசாவிலிருந்து ரயில் கிசுமுவைத் தொட்டது. அதைப் போட்டவர்களில் பெரும்பகுதி நம் நாட்டிலிருந்து, முக்கியமாகப் பஞ்சாபிலிருந்து, ஒப்பந்தத்தில் போன கூலிகள். ரயிலைத் தொடர்ந்து குஜராத்திக் கடைகளும், கிசுமுவை ஒட்டிக் கரும்புத் தோட்டங்களும் வந்தன. கூடவே குடிசை வரி. அப்போது அங்கே புழங்கிய காசு ரூபாய்தான். வரியை ரொக்கமாகக் கட்ட வேண்டும், ரொக்கத்துக்குக் கூலி வேலைக்குப் போக வேண்டும். ஆண்கள் கெரிச்சோ தேயிலைத் தோட்டம், மொம்பாசா துறைமுகம், ரயில்வே என்று கிளம்பினார்கள். முதல் உலகப் போரில் சுமை தூக்கிகளாகப் பிடித்துச் சென்றவர்களில் திரும்பாதவர்கள் ஏராளம். இன்னொரு பக்கம் 1906ல் மசேனோவில் மிஷன் பள்ளி தொடங்கியது, படிப்பின்மேல் இந்த மக்களுக்கு இன்றும் இருக்கும் வெறி அங்கிருந்து வளர்ந்தது. ஆசிரியர், குமாஸ்தா, எஞ்சினியர், பேராசிரியர் என்று லுவோ பெயர்கள் கென்யா முழுக்கக் காணலாம். ஒபாமாவின் தந்தை 1959ல் ஹவாய்க்குப் படிக்கப் போனதும் இந்த அலையில்தான். அவர் ஊர் சியாயாவில் கோகெலோ.

ஏரியிலும் அதே வேளையில் மாற்றம். 1905 வாக்கில் நைலான் இல்லாத காலத்துச் செவுள் வலை வந்தது. அதுவரை கூடையும் தூண்டிலும் வைத்திருந்த இடத்தில் ஒரே இரவில் பெரும் மீன்பாடு. ஏரியின் சொந்தத் திலாப்பியா, லுவோ மக்கள் உயிராக நினைக்கும் ஙேகே, வேகமாகக் குறைந்தது. 1950களில் வேறு ஏரிகளிலிருந்து நைல் திலாப்பியாவைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று கிசுமு ஏரிக்கரைக் கடைகளில் முழு மீனாக எண்ணெயில் பொரித்து, கூழைவிடக் கெட்டியான குவோன் களியோடு தருகிறார்களே, அது அந்த வந்தேறி மீன். பழைய ஙேகே யாலா சதுப்பை ஒட்டிய கன்யாபோலி மாதிரியான சிறு ஏரிகளில் மிஞ்சியிருக்கிறது. அங்கே அதைக் காப்பாற்றுவது எவ்வளவு அவசியம் என்று மீன்வளம் படித்த யாரும் சொல்வார்கள், ஆனால் அந்தச் சதுப்பையே விவசாயத்துக்கு வடிக்கும் முயற்சிகள் தொடர்கின்றன.

அப்புறம் ம்புட்டா, நைல் பெர்ச். இதையும் 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் ஏரியில் விட்டார்கள். இருபது வருடம் அடங்கிக் கிடந்து, 1980களின் தொடக்கத்தில் வெடித்துப் பெருகியது. ஆள் உயரத்துக்கு வளரும், நூறு கிலோ தாண்டிய மீன்களும் உண்டு. ஏரியில் மட்டுமே வாழ்ந்த சுமார் 500 வகைச் சிறு மீன்களில், ஃபுலு என்று மொத்தமாகச் சொல்லப்படும் கூட்டத்தில், இருநூறு வகைபோல் காணாமல் போயின என்பது ஆய்வாளர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. ம்புட்டா தின்றது என்பதில் சந்தேகமில்லை. அது மட்டுமா காரணம் என்பதில்தான் சர்ச்சை, ஏனென்றால் அதே காலத்தில் கரையிலிருந்து வந்த உரமும் கழிவும் மண்ணும் ஏரியைக் கலக்கிப் பாசி பிடிக்கவைத்து, ஆழத்தில் ஆக்ஸிஜனைக் குறைத்துவிட்டன. நிறத்தைப் பார்த்து இணை தேடும் மீன்கள் கலங்கிய நீரில் தன் இனத்தையே கண்டுபிடிக்க முடியாது. இரண்டும் சேர்ந்துதான் முடித்தன என்று நான் நினைக்கிறேன். 1990 வாக்கில் ஆகாயத்தாமரையும் வந்து வளைகுடாவை மூடியது, படகு நகராத நாட்கள் உண்டு.

ம்புட்டா பணம் கொண்டுவந்தது, அது நிஜம். கரையோரம் முழுக்க ஆலைகள் எழுந்தன, சதைத் துண்டுகள் ஐரோப்பாவுக்குப் பறந்தன. 1997க்கும் 2000க்கும் நடுவில் சால்மொனெல்லா, காலரா, பூச்சிக்கொல்லி விஷம் போட்டு மீன் பிடிப்பது என்று ஒவ்வொரு காரணத்துக்காக ஐரோப்பா மாறி மாறித் தடை விதித்தது. என்னைப் போன்றவர்களுக்கு அங்கே வேலை கிடைத்ததே அந்தத் தடைகளுக்குப் பிறகு தரக்கட்டுப்பாடு கட்டாயமானதால்தான். ஆனால் லாபம் எங்கே போனது? சதை விமானம் ஏறிவிடும். மீனின் பள்ளை, அதாவது காற்றுப்பை, சீனாவுக்குப் போகும், எடைக்கு எடை பார்த்தால் அதுதான் விலை உயர்ந்த பகுதி. தலையும் முள்ளுமாக மிஞ்சிய எலும்புக்கூட்டை, அதை ம்கோங்கோ வாஸி என்பார்கள், கிசுமுவில் ஒபுங்கா பகுதிப் பெண்கள் வாங்கி வெயிலில் காயவைத்து எண்ணெயில் பொரித்து விற்பார்கள். ஏரியை ஒட்டி வாழும் குடும்பம் முள்ளில் ஒட்டிய சதையைத் தின்றது. ஆலைக்குள் நின்று அந்த எலும்புகள் வண்டியில் வெளியே போவதைத் தினமும் பார்த்தவனுக்கு இது எளிதில் மறக்கிற விஷயமில்லை.

ஒமேனா மட்டும் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்களிடம் தங்கியது. நம் நெத்திலி அளவுள்ள வெள்ளிநிற மீன். நிலவில்லாத இரவுகளில் விளக்கை மிதக்கவிட்டு, வெளிச்சத்துக்குக் கூடும் மீனை நுண்கண் வலையால் அள்ளுவார்கள். முன்பு மண்ணெண்ணெய் விளக்கு, இப்போது சோலார். விடியலில் படகு வரும்போது கரையில் பெண்கள் பேசின்களோடு காத்திருப்பார்கள். வாங்குவது, பழைய வலைகளை விரித்துக் காயவைப்பது, மூட்டை கட்டிச் சந்தைக்கு ஏற்றுவது எல்லாம் பெண்கள். ஏப்ரல் முதல் ஜூலை வரை பிடிக்கத் தடை, அந்த நான்கு மாதம் கரையில் காசு இருக்காது. மனிதர் தின்ன வேண்டிய ஒமேனாவில் பெரும்பகுதி இப்போது கோழித்தீவனத்துக்குப் போகிறது, இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்தக் கரை வியாபாரத்தில் ஒரு கொடுமை உண்டு. மீன் குறையக் குறைய, யாருக்கு முதலில் மீன் தருவது என்பதைப் படகுக்காரன் தீர்மானிக்கிறான். மீனுக்காக உடலைக் கொடுக்கும் நிலைக்குப் பெண்கள், முக்கியமாக விதவைகள், தள்ளப்பட்டார்கள். ஜபோயா என்று அதற்குப் பெயரே இருக்கிறது. எச்ஐவி நாட்டிலேயே மிக அதிகமாக இருக்கும் பகுதிகள் ஹோமா பே, கிசுமு, சியாயா, மிகோரி என்பதற்கு இது ஒரு காரணம். விதவையைக் கணவனின் சகோதரன் ஏற்றுக்கொள்ளும் டேரோ வழக்கம் இன்னொரு காரணம் என்பார்கள். அந்த வழக்கம் அவளும் குழந்தைகளும் டாலாவைவிட்டு வெளியேற வேண்டியிராமல் காக்க வந்தது. நோய்க்காலத்தில் சடங்கு முடிக்க மட்டும் கூலிக்கு ஆள் பிடிப்பதாகச் சீரழிந்தது. மூன்றாவது, லுவோ ஆண்கள் மரபாகச் சுன்னத் செய்துகொள்வதில்லை, அந்தக் காலத்தில் கீழ்ப்பற்கள் ஆறைப் பிடுங்குவதுதான் வயதுக்கு வந்த அடையாளம். சுன்னத் செய்த அண்டை இனத்தவர் அரசியல் மேடைகளில் இவர்களைச் சிறுவர்கள் என்று கேவலப்படுத்தியதுண்டு. கிசுமுவில் நடந்த பெரிய மருத்துவ ஆய்வு, சுன்னத் செய்த ஆண்களுக்குத் தொற்று பாதிக்கு மேல் குறைகிறது என்று காட்டி 2007ல் வெளியானது. முதலில் முரண்டு பிடித்த பெரியவர்கள், இது மருத்துவம், சடங்கு இல்லை என்று ஏற்றுக்கொண்டு வழிவிட்டார்கள், ரைலாவும் வெளிப்படையாக ஆதரித்தார். லட்சக்கணக்கான ஆண்கள் செய்துகொண்டார்கள். பழமையில் ஊறியவர்கள் என்று இவர்களைப் பேசுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஜபோயாவை எதிர்த்துப் பெண்களே கிளம்பியதும் உண்டு. மரபில் பெண் ஏரிக்குள் போய் மீன் பிடிப்பதில்லை, ஆனால் படகு வைத்திருக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நியாண்டோ பக்கம் நுடுரு கரையில் பெண்கள் கூட்டாகச் சொந்தப் படகுகள் வாங்கி, ஆண்களைக் கூலிக்கு அமர்த்தி, மீனைத் தாங்களே முதலில் எடுத்தார்கள். 2020ல் ஏரி பெருகி அந்தக் கிராமத்தையே மூழ்கடித்தது. அந்தமாதிரி முயற்சிக்கு உதவி என்பது சொற்பம்தான் கிடைத்தது.

இப்போதைய நிலைமை. விக்டோரியா ஏரியில் கென்யாவுக்கு உள்ளது சுமார் 6 சதவீதம்தான், மீதி தான்சானியாவுக்கும் உகாண்டாவுக்கும். ம்புட்டா ஆழமான நீரில் கிடைப்பதால் லுவோ மீனவர்கள் எல்லை தாண்டுகிறார்கள், படகையும் எஞ்சினையும் பறிகொடுக்கிறார்கள். கால்பந்து மைதானத்தைவிடச் சிறிய மிகிங்கோ பாறைத்தீவுக்காகக் கென்யாவும் உகாண்டாவும் 2009ல் மோதும் அளவுக்குப் போனது இதனால்தான். ஆலைகள் பல மூடிவிட்டன. பிள்ளைகள் நைரோபிக்குப் போகிறார்கள், மோட்டார் சைக்கிள் டாக்ஸி ஓட்டுகிறார்கள், மிகோரியில் தங்கச் சுரங்கக் குழிகளில் இறங்குகிறார்கள், அஹேரோவில் பாசன நெல் போடுகிறார்கள், அவெண்டோ, முஹோரோனி பக்கம் கரும்பு. ஏரியில் சீனாவிலிருந்து வரும் உறைந்த திலாப்பியாவோடு போட்டியிடக் கூண்டு மீன் வளர்ப்பு வந்திருக்கிறது. தொழில்நுட்பமாக அதை நான் ஆதரிக்கிறேன், மீன் வேண்டும், ஏரி மட்டும் தராது. ஆனால் கூண்டும் குஞ்சும் தீவனமும் வாங்கப் பெரிய முதல் வேண்டும், ஆழம் குறைந்த மூலைகளில் நெருக்கிப் போட்டால் ஆக்ஸிஜன் குறைந்து ஒரே இரவில் மொத்தமும் செத்து மிதக்கும், அப்படி நடந்தும் இருக்கிறது. பொதுவாக இருந்த நீரில் யாருக்கு எந்த இடம் என்பதை இன்று கரை நிர்வாகக் குழுக்கள், மாவட்ட அரசு, முதலீட்டாளர்கள் மூவரும் சேர்ந்து தீர்மானிக்கிறார்கள். பேசின் தூக்கும் பெண்களுக்கு அந்தக் கூட்டத்தில் நாற்காலி கிடைப்பதைப் பெரும்பாலான கரைகளில் நான் பார்க்கவில்லை. நீங்கள் இந்த விஷயத்தில் மேலும் படிக்கப் போகிறீர்கள் என்றால், ஏரியில் எத்தனை டன் மீன் என்ற கணக்கைவிட, கூண்டு உரிமம் யார் பெயரில் போகிறது என்பதைத் தேடிப் பாருங்கள்.